ஒரு சக்கரத்தில் மட்டும் வெள்ளை

பேருந்து நிலையத்து லக்கேஜ் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு உலகம் சக்கரம் வழியாகத்தான் தெரிய வரும். பெட்டியை வாங்கி அலமாரியில் ஏற்றும்போது முகத்துக்கு நேரே வந்து நிற்பது அதன் அடிப்பாகம். செம்மண் அப்பியிருந்தால் பெட்டிக்காரர் மலைப்பக்கம் போய் வந்திருக்கிறார். மணல் உதிர்ந்தால் கடற்கரை. ஒன்றுமே ஒட்டாமல் பளபளவென்று இருந்தால் மனிதர் காரைவிட்டுக் கீழே இறங்கவே இல்லை. டோக்கன் அக்கா இப்படித்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும் ஊர் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். அதற்காக அவர் சொல்லாமல் இருந்ததில்லை.

டோக்கன் அக்கா என்பது நிலையத்தில் வைத்த பெயர். ஒரே எண் போட்ட இரண்டு பித்தளை டோக்கன்கள். ஒன்றைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டுவார், இன்னொன்றை எதிரே நிற்பவர் கையில் கொடுப்பார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கிய வேலை, இன்று மகளுக்கே முதல் நரை எட்டிப் பார்க்கிறது. டோக்கன் இல்லையென்றால் பை இல்லை. அழுதாலும் சரி, அதட்டினாலும் சரி. தொலைத்துவிட்டு வருபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் திறந்து பார்த்துக் கொடுப்பார். மற்றபடி அடுத்தவர் பையை அவர் திறந்ததே கிடையாது. ஜிப் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது உப்பளத்து ஊர்.

அங்கே போய்த் திரும்புகிறவர்களின் பெட்டிகளில் வெள்ளையாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் உப்பு. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அது இடது சக்கரத்தில் மட்டும்தான் இருக்கும்! வலது சக்கரம் சுத்தமாக, நான் அந்த ஊருக்கே போகவில்லை என்பது போல இருக்கும். முதலில் ஏதோ ஒரு பெட்டி என்று விட்டுவிட்டார். பிறகு பார்த்தால் வருகிற பெட்டி ஒவ்வொன்றும் அப்படித்தான். அதிலும் தனியாகப் போய் வருகிறவர்களின் பெட்டி மட்டும். கூட்டமாகப் போகிறவர்கள் அடையாளத்துக்கு ஒரே நிற ரிப்பன் கட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டிகளில் உப்பின் வாடையே கிடையாது. வழிகாட்டி வைத்துக்கொண்டு போகிறவர்களின் பெட்டியோ கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியது போலத் திரும்பி வரும்.

பெட்டிக்காரர்களையே கேட்டுப் பார்த்தார். எல்லோரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, “அப்படியா?” என்பார்கள். பார்த்தவுடன் மறந்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பியவனுக்குத் தன் சக்கரம் தெரியாதா என்று அக்காவுக்குக் கோபம் கோபமாக வரும்.

இந்த நிலையில்தான் அவருடைய முழங்கால் பேச ஆரம்பித்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லி அடுத்த மாதத்தில் தேதியும் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் வெகுநாள் வீட்டோடுதான். பழையபடி நடப்போமா என்பதை யாரும் அடித்துச் சொல்லவில்லை. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அக்கா மகளிடம், ஆபரேஷனுக்கு முன்னால் உப்பளத்து ஊருக்குப் போய் வரப்போகிறேன் என்றார்.

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. வீட்டில் இருவர்தான், அப்பா போய் ரொம்ப வருடம் ஆகிறது. மகள் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டாள்.

“ஒரு சக்கரத்தைப் பாக்கவா அவ்வளவு தூரம் போற?”

“ஆமா. உனக்கு லீவு கிடைக்காது, தெரியும். நான் எப்படிப் போறதுன்னுதான் யோசிக்கிறேன்.”

மகள் துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தாள். பிறகு, அத்தையிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றாள்.

அத்தை என்றால் அக்காவின் நாத்தனார். பெண்களைத் திரட்டி பஸ் பிடித்து ஊர் சுற்றக் கூட்டிப் போவதில் புலி. உப்பளத்து ஊர் அவருடைய பட்டியலிலும் இருந்தது. ஒருநாள் ஒத்திகையாக வந்து பார் என்று அணைக்கட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அக்கா வயிறு வலிக்கச் சிரித்தது உண்மை. முன்பின் தெரியாத ஒருத்தி தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்துவிட்டதும் உண்மை. ஆனால் அன்றைய பொழுதில் பாதி தலை எண்ணுவதிலேயே போனது. ஏறினால் எண்ணு, இறங்கினால் எண்ணு, ஒருத்தி கழிவறைக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து எண்ணு. மதகுக் கதவை ஏற்றுகிற சங்கிலி எங்கே போய் எதில் சுற்றுகிறது என்று பார்க்க அக்கா கொஞ்ச நேரம் நின்றார். அதற்குள் பஸ்ஸே அல்லோலகல்லோலப்பட்டு, நாலு பேர் நாலு திசையில் தேடிக்கொண்டு வந்து, அவரைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவரை யாரும் எழுந்திருக்கவே விடவில்லை. இறங்கும்போது நாத்தனாரிடம், உப்பளத்தில் எங்கே நிறுத்துவீர்கள் என்று விசாரித்தார். பஸ் சுற்றுச்சாலை வழியாகப் பார்வை மேடைக்குப் போகும், போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார் நாத்தனார். ரிப்பன் கட்டிய பெட்டிகளில் உப்பு ஒட்டாததன் காரணம் அக்காவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அடுத்து மகள் ஒரு வழிகாட்டியைத் தேடிப் பிடித்துப் போனில் பேச வைத்தாள். நல்ல மரியாதையான ஆள். உப்பளம் எப்போது தோன்றியது, பாத்தி எத்தனை வகை, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்தால் எப்படி மின்னும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். கேட்கக் கேட்க அக்காவுக்குப் போகாமலேயே போய்வந்த அலுப்புத் தட்டியது. இடையில் நிறுத்திச் சக்கரத்தைப் பற்றிக் கேட்டார். ஒரு நொடிதான் யோசித்தார் அவர். காற்று அந்தப் பக்கமாக அடிக்கும், அதனால் ஒட்டுகிறது என்றார். பெட்டி திரும்பி நின்றால் காற்றும் கூடவே திரும்புமா என்று அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டார். ஆனால் வழிகாட்டி கடைசியாகச் சொன்னதுதான் காரியத்தைக் கெடுத்தது.

“பெட்டியை நீங்க தொடவே வேண்டாம்மா. இறங்கினதுலேர்ந்து திரும்ப ஏறுற வரைக்கும் நான் தூக்கிட்டு வருவேன்.”

பெட்டி தரையில் உருளவே போவதில்லை என்றால் எதற்காகப் போவது? போனை வைத்துவிட்டு அக்கா, தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றார். மகள் முகம் சிவந்துவிட்டது. கால் மடங்கி எங்காவது விழுந்தால் யார் தூக்குவது என்றாள். லக்கேஜ் அறையில் யாரும் வாங்க வராமல் கிடக்கும் பச்சைப் பையைப் பற்றி அம்மா எப்போதோ சொன்னதை எடுத்து முகத்தில் அடித்தாள். “நீயும் அந்தப் பை மாதிரி எங்கேயாவது கெடக்கப் போற, பாத்துக்க.” அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பையைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அதற்குச் சொந்தக்காரர் எங்கே போயிருப்பார் என்று அவரும் நினைத்ததுண்டு. பயம் அவருக்கும் இருந்தது. வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

சரி, தனியாக இருப்பதும் ஒரு வேலைதானே, பழகிப் பார்ப்போம் என்று விடுமுறை நாளில் டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். அங்கே ஓர் உணவு விடுதி. நாலு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்தார். பரிமாறுபவர் வந்து, இன்னும் யாராவது வரணுமா என்று கேட்டார். இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்லும்போது ஏதோ பொய் சொல்வது போல நாக்குத் தடுமாறியது. டீ பாதி காலியாவதற்குள் அந்தக் கூச்சம் போய்விட்டது. எதிரே சமையலறை ஜன்னலில் ஒருவர் ஒரே கையால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கடைசித் தட்டை எப்படி வைக்கிறார் என்று முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அக்கா எழுந்தார். யாரும் தலை எண்ணவில்லை. யாரும் விளக்கவும் இல்லை. முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது.

நாளெல்லாம் பெட்டி தூக்குவதால் வீட்டில் அக்கா பையைத் தொடமாட்டார். கடைத்தெருப் பையிலிருந்து எல்லாம் மகள் பாடு. இந்தப் பயணத்துக்கும் அவள்தான் அடுக்கினாள். சண்டை ஓய்ந்திருக்கவில்லை; அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுக்கினாள். நடுநடுவே கேள்வி மட்டும் வரும். ரூமில் ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா? ராத்திரி குளிருமா? நடக்கிற பாதை கல்லா, மண்ணா? போலீஸ் விசாரணையே தோற்றுப்போகும் என்று அக்கா நினைத்துக்கொண்டார். ஒரு கட்டில் ரூம் காலியில்லை, ரெண்டு கட்டில்தான் கிடைத்தது என்று மட்டும் பதில் சொன்னார். பெரிய பை ஒன்று திமிறிக்கொண்டு நின்றது. அதைத் திறந்து பார்க்க அக்காவுக்குத் தோன்றவே இல்லை. அது தவிர மகளுடைய சின்னச் சக்கரப் பெட்டியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும்தான். சோதனைக்கு அது போதும்.

பஸ் கிளம்பும்வரை மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள், சார்ஜர் பக்கவாட்டுப் பையில் இருக்கிறது என்றாள். கடைக்கு நேரமாகிறது, நீ போ என்றார் அக்கா.

உப்பளத்து ஊரில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. விடுதி அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். பெரிய பையை நிலையத்து லக்கேஜ் அறையில் போட்டுவிட்டுப் போகலாம் என்று கவுன்டருக்குப் போனார். அதன் வெளிப்பக்கம் நின்றது அவருக்கு அதுதான் முதல் தடவை. உள்ளே இருந்தவர் மீசை நரைத்த, அவசரமில்லாத மனிதர். அந்த அறையில் பை அடுக்கியிருந்த லட்சணம் அக்காவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கனமான பெட்டிகள் எல்லாம் மேல்தட்டில். அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார். மீசைக்காரர் இரண்டு டோக்கன்களைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் பின்னால் ஒரு பெட்டியை நகர்த்தப் போனார். அவர் திரும்பி வந்தபோது பையில் டோக்கன் கட்டித் தயாராக இருந்தது. அக்கா சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

உப்பளம் அவர் நினைத்ததைவிடப் பெரியது. கண்ணுக்கெட்டின மட்டும் பாத்தி, பாத்திக்கு நடுவே வெள்ளைக் குவியல்கள். எல்லாவற்றுக்கும் குறுக்கே அக்கரைக்குப் போகும் ஒரே ஒரு பாதை. அக்கரையில் சில தங்கும் விடுதிகள் தெரிந்தன. சுற்றுச்சாலை தூரத்தில் வளைந்து போனது. அதில் ரிப்பன் பஸ் ஒன்று ஊர்ந்தது. அக்கா பாதையில் இறங்கினார். குறுகலாகச் செங்கல் பாவிய வரப்பு, இரண்டு ஓரமும் ஈர உப்பு. சக்கரம் கடகடவென்று உருண்டது. அவ்வப்போது நின்று குனிந்து பார்த்தார். இரண்டு சக்கரமும் சுத்தம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சோர்ந்துபோனார்.

அப்போது எதிரே உப்பு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று பாதை நடுவே வந்தது. கனத்த வண்டி, அது ஒதுங்காது, நடப்பவர்தான் ஒதுங்க வேண்டும். வண்டிக்காரர், இடது பக்கம், இடது பக்கம் என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். அக்கா இடது ஓரத்துக்கு ஒதுங்கி, பெட்டியை வண்டி இடிக்காமல் இருக்க இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கால் இரண்டும் செங்கல்மேல்தான் நின்றன. ஆனால் பெட்டியின் வெளிச் சக்கரம் செங்கலைவிட்டு இறங்கி, உப்பில் சரக்கென்று புதைந்தது. அந்த வண்டிக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. இனி நடுவில் நடக்க வழியே இல்லை. இப்படியே போனால் அக்கரை வரைக்கும் ஒரு சக்கரம் செங்கலில், ஒரு சக்கரம் உப்பில்.

அப்படியானால் திரும்பும்போது? திரும்பும்போதும் இடது பக்கம்தானே ஒதுங்குவார்கள்? அதே கை, அதே சக்கரம், எதிர் ஓரம்! அக்கா பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். இடது சக்கரம் வெள்ளை. வலது சக்கரம், நான் இந்த ஊருக்கே வரவில்லை என்றது.

அவருக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தபடி வலது பக்கம் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. கடைசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரை நிறுத்தி, சக்கரத்தைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியா?” என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு சந்தோஷத்தில், அக்காவுக்குக் கண் கலங்கியது. இதைச் சொன்னால் ஆமாம்ல என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிற ஆள் ஒருத்திதான். அவள் இந்நேரம் யாருக்கோ லென்ஸ் பொருத்திக்கொண்டிருப்பாள்.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோதுதான் டோக்கன் நினைவு வந்தது. இடுப்பில் இல்லை, மணிபர்ஸில் இல்லை, பெட்டியில் குடையையும் பாட்டிலையும் தவிர வேறெதுவும் இல்லை. எங்கே போயிருக்கும் என்று கவுன்டரில் நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒன்றைப் பையில் கட்டினார். இன்னொன்றை... இன்னொன்றை எதிரே நின்ற மீசைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! இத்தனை வருடப் பழக்கம் கையோடு வந்து மானத்தை வாங்கிவிட்டது. உடனே திரும்பலாமா என்று ஒரு நிமிடம் நின்றார். போகிற பை போகட்டும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று அக்கரை வரை நடந்து, அங்கே உட்கார்ந்து காலை நீட்டி ஆற்றிக்கொண்டு, பிறகுதான் திரும்பினார்.

மீசைக்காரர் அவரைக் கண்டதும் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். டோக்கன் அவர் மேசையில்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

“நீங்க எந்த லக்கேஜ் ரூம்ல வேலை பாக்கறீங்க?”

அக்கா சொன்னார்.

“முடிச்சைப் பாத்ததும் நினைச்சேன். அப்போ ரூல் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க.”

நியாயம்தான். இதையே எத்தனை பேரை நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பார். அக்கா வாயைத் திறந்தார். உள்ளே என்ன இருக்கிறது? புடவை இருக்கும். மாத்திரை இருக்கும். என்ன புடவை என்று கேட்டார் மீசைக்காரர். தெரியாது. துண்டு என்ன நிறம்? அதுவும் தெரியாது. “என் பொண்ணு அடுக்கினது,” என்றார் கடைசியில். சொன்னபிறகு, வாங்க வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தானே உளறுவார்கள் என்று கூசிப் போனார்.

மீசைக்காரர் பையைக் கவுன்டரில் வைத்து, நீங்களே திறந்து காட்டுங்கள் என்றார். அக்கா ஜிப்பை இழுத்தார். மேலேயே மாத்திரைப் பெட்டி. அதற்குக் கீழே இரண்டு துண்டுகள். இரண்டு தம்ளர். இரண்டு பல் துலக்கும் பிரஷ், ஒன்றில் மகள் எப்போதும் சுற்றி வைக்கும் ரப்பர் பேண்ட். அக்காவின் புடவைகளுக்கு அடியில் மகளுடைய நீலச் சுடிதார், ஸ்வெட்டர், அதற்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றி அவளுடைய கான்வாஸ் ஷூ.

“ரெண்டு பேரா வந்தீங்க?” என்றார் மீசைக்காரர்.

அக்கா ஷூவைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றினார். கட்டில் ஒன்றா இரண்டா, பாதை கல்லா மண்ணா என்ற கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உனக்கு லீவு கிடைக்காது என்று சொன்னது யார்? அவரேதான். கிடைக்குமா என்று கேட்கவே இல்லை. நாத்தனாரைக் கேட்டார், முன்பின் தெரியாத வழிகாட்டியைக் கேட்டார். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி, நீயும் வாயேன் என்ற ஒரு சொல்லுக்காகப் பஸ் நகரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வீம்புக்காரி. அவளாவது வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? கேட்கமாட்டாள். யார் பெற்ற பெண்!

கவுன்டர் ஓரமாக நின்று போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் மகள். கால் எப்படியிருக்கிறது, வெயிலில் அலைந்தாயா, மாத்திரை போட்டாயா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி அதையும் கேட்டாள்.

“ஏம்மா, அந்தச் சக்கரம்... என்னன்னு தெரிஞ்சுதா?”

அக்காவுக்கு நாக்கு நுனியில் நின்றது. செங்கல், உப்பு, வண்டி எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடத் துடித்தது.

“தெரிஞ்சுது. சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“லீவு கிடைக்குமான்னு கேளு. கிடைச்சா காலைல முதல் பஸ்ஸுல ஏறு. நீயே வந்து பாரு.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மகள், லீவு ஏற்கெனவே போட்டுத்தான் வைத்திருக்கிறேன், வீட்டில்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றாள்.

“வரும்போது செருப்புப் போட்டுட்டு வா, போதும். உன் ஷூ என்கிட்டதான் இருக்கு.”